மாநிறமும் அச்சு நிறமும்

தாயகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இக்காலத்தே ஒரு புதிய கைத்தொழில் இடம்பெற்றுள்ளது. பொங்கல், திருமணம், புதுமனை புகுதல் போன்ற நன்னாட்களில் குடும்பத்தார் கூடி நிற்கும் நிழற்படம் ஒன்றைக் கணிப்பொறித் திரையில் இட்டு, ஓரத்தில் கரும்பும் பானையும் சேர்த்து, வாழ்த்து வரி ஒன்றை எழுதி, மேசைமேல் உள்ள சிறு அச்சுப்பொறியிலேயே அட்டை அடித்து உறவினர்க்கு அனுப்புகின்றனர். கடையில் வாங்கும் அட்டைக்கு இல்லாத சிறப்பு இதற்கு உண்டு. ஆயினும், அட்டை பொறியினின்று வெளிவந்தவுடன் முகம் சுளிப்போர் பலர். திரையில் தளதளவென்று தோன்றிய கரும்புத்தோகை தாளில் வாடிக் கிடக்கும். மயில்கழுத்து நிறப் புடவை வெறும் கருநீலமாக மாறியிருக்கும். எல்லாவற்றிற்கும் மேலாக, அன்னையின் முகம் அன்னையின் முகமாக இராது. கரி படிந்தாற்போல் இருண்டிருக்கும்; அன்றேல், சுண்ணம் பூசினாற்போல் வெளுத்திருக்கும்.

பொறி பழுது என்பர் சிலர். மை மட்டம் என்பர் சிலர். சில வேளைகளில் அவையும் காரணமாகலாம். ஆனால் இக்குறைக்குப் பின்னே முந்நூறு ஆண்டு வரலாறு ஒன்று உண்டு. நிறம் என்பது பொருளோடு பிறந்து பொருளோடு நிற்கும் குணம் என்றே நாம் எண்ணிப் பழகியுள்ளோம். அச்சுக்கலையைப் பொறுத்தவரையில் நிறம் என்பது மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு. படியும் மரக்காலும் எவ்வாறு ஊரார் ஒப்புக்கொண்ட அளவைகளோ அவ்வாறே நிறத்திற்கும் அளவைகள் உண்டு. யாருடைய கண்ணை, யாருடைய முகத்தை அடியாகக் கொண்டு அவ்வளவைகள் வகுக்கப்பட்டன என்பதை அறிந்தாலன்றி, நம் வீட்டு அட்டையில் நம்மவர் முகம் ஏன் மாறியது என்பது விளங்காது.

முதற்கண், திரையின் நிறமும் தாளின் நிறமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல என்பதை உணர்தல் வேண்டும். வெள்ளொளி பல நிற ஒளிகளின் கூட்டு என்பதை ஐசக் நியூட்டன் 1704ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒளியியல் நூலில் விரித்துரைத்தார். அவர் காலத்தவரான ஜேக்கப் கிறிஸ்டாப் லெ பிளான் என்பவர் பிராங்க்பர்ட் நகரில் 1667இல் பிறந்த ஓவியர். செதுக்குத் தகட்டில் படம் அச்சிடும் தொழிலில் வல்லவர். நீலம், மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்று மைகளை மூன்று தகடுகளில் தடவி, ஒரே தாளின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினால் எல்லா நிறங்களையும் பெறலாம் என்பது அவர் கண்ட வழி. இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜார்ஜிடமிருந்து 1719இல் அதற்கு உரிமையும் பெற்றார். அதனை நம்பி நிறுவப்பட்ட வாணிகக் கழகம் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் 1725இல் அவர் வெளியிட்ட சிறு நூலில் ஓர் அரிய வேறுபாட்டைச் சுட்டினார். கையால் தொடக்கூடிய சாயங்களை எல்லாம் ஒன்றாகக் கலந்தால் கறுப்புத் தோன்றும். தொடமுடியாத ஒளி நிறங்களை எல்லாம் கலந்தால் வெண்மை தோன்றும் என்றார்.

இன்றைய வீட்டுப் பொறியின் சிக்கல் முழுவதும் இவ்விரு வரிகளில் அடங்கிவிடுகின்றது. திரை தானே ஒளி வீசுவது. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூவொளிகளைக் கூட்டி நிறம் காட்டுவது. தாளோ பிறிதோர் ஒளியை நம்பி நிற்பது. அதன்மேல் விழும் வெள்ளொளியில் ஒரு பகுதியை மை விழுங்கிவிட, எஞ்சியது நம் கண்ணுக்கு வருகின்றது. முன்னது கூட்டல், பின்னது கழித்தல். கூட்டலால் எய்தும் சில நிறங்களைக் கழித்தலால் எய்த இயலாது. திரையின் பளிச்சிடும் கிளிப்பச்சையும் ஒளிரும் நீலமும் சாதாரண மையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. ஆகவே, திரையிலிருந்து தாளுக்கு நிறம் செல்வதனை நாம் படியெடுத்தல் என்று கொள்ளாமல், மொழிபெயர்ப்பு என்று கொள்வதே பொருந்தும்.

அம்மொழிபெயர்ப்பை நெடுங்காலம் மனிதரின் கண்ணும் கையுமே செய்துவந்தன. விலைக்கு விற்கப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டை இலண்டனில் 1843இல் தோன்றியது. ஹென்றி கோல் என்னும் அரசு அலுவலர், வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் மறுமொழி எழுத நேரமின்றி, ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு அட்டை ஒன்றை வரைவித்தார். மூன்று தலைமுறையினர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் குடும்பக் காட்சி அது. 1000 அட்டைகள் கல்லச்சில் கோட்டுருவாக அச்சிடப்பட்டன; ஒவ்வொன்றிலும் தூரிகையால் கையாலேயே வண்ணம் தீட்டினர். விலை 1 ஷில்லிங். கைகளால் தீட்டப்பட்டமையால் ஓர் அட்டையின் கன்னச்சிவப்பு மற்றோர் அட்டையில் அப்படியே அமைந்திருக்க இயலாது. அக்குறையைப் போக்கப் பிறந்ததே வண்ணக் கல்லச்சு. பிரான்ஸ் நாட்டில் எங்கெல்மான் என்பவர் 1837இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஒவ்வொரு நிறத்திற்கும் ஒவ்வொரு கல். எத்தனை நிறமோ அத்தனை முறை தாள் பொறிக்குள் புகுந்து வரும்.

இக்கலை நம் நாட்டில் பெரும்புகழ் எய்தியது இரவிவர்மாவால். திருவிதாங்கூர்ச் சீமையின் கிளிமானூரில் 1848இல் பிறந்த அவ்வோவியரின் எண்ணெய் வண்ணப் படங்கள் அரண்மனைகளில் மட்டுமே தொங்கின. அவற்றை அச்சிட்டு எளியோர் இல்லங்களுக்கும் எட்டச் செய்யலாம் என்று அறிவுரை கூறியவருள் ஒருவர், கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ். இரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவினார்; ஜெர்மனியிலிருந்து பொறிகளும் தொழில் வல்லுநரும் வந்தனர். பின்னர் அவ்வச்சகம் உலோனாவ்லாவை அடுத்த மளவ்லிக்கு மாற்றப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது பிரிட்ஸ் ஷ்லைகர் என்னும் ஜெர்மானிய வல்லுநரின் கைக்கு மாறிற்று. இலக்குமியும் சரசுவதியும் நம் பூசையறைகளுக்கு வந்து சேர்ந்தது இவ்வழியே.

ஈண்டு நாம் கருதவேண்டியது ஒன்று உண்டு. ஓவியர் துணியில் தீட்டிய மேனி நிறத்தைக் கண்ணால் பிரித்து, இக்கல்லில் இத்துணை மஞ்சள், அக்கல்லில் அத்துணை சிவப்பு என்று முடிவு செய்தவர் கல்லில் வரையும் தொழிலாளர். அவருடைய பழக்கமும் விருப்பும் அந்நிறத்தில் கலந்தன. அளவுகோல் அவர் கண்ணிலேயே இருந்தது. அவர் ஓய்வு பெற்றால் அளவுகோலும் உடன் சென்றுவிடும்.

நம் சிவகாசியின் கதையும் இத்தகையதே. ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டனர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டவேண்டிய வண்ணச் சீட்டுகளின் தேவை அச்சுத்தொழிலை அவ்வூரில் வேரூன்றச் செய்தது. மழை குறைந்த வறண்ட காற்று அதற்குத் துணை நின்றது. ஏனெனில், ஈரத்தால் தாள் சிறிது உப்பினாலும் அடுத்த நிறம் தன் இடத்தில் விழாது விலகிவிடும். இதழின் சிவப்பு கன்னத்திற்கு வழிந்த படங்களைப் பழைய நாட்காட்டிகளில் நம்முள் பலர் கண்டிருப்போம். 1898இல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதி, கோவில்பட்டியில் நிலைத்து வாழ்ந்து 1976இல் மறைந்த கொண்டையராஜுவும் அவர்தம் மாணாக்கரும் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசி நாட்காட்டிகளாக இந்தியா முழுவதும் பரவின. பொங்கல் வாழ்த்தட்டைகளும் அங்கிருந்தே சென்றன. சென்ற நூற்றாண்டின் இறுதியில் தொலைபேசியும் குறுஞ்செய்தியும் பெருகிய பின்னர் அவ்வட்டைகளின் வாணிகம் மங்கியது. வீட்டில் அச்சிடும் அட்டை, மங்கிய அவ்வழக்கத்தின் புதுத்தளிர் எனலாம்.

இனி நிழற்படத்தின் வரலாற்றுக்கு வருவோம். ஓவியரின் கண் இடையே புகாமல், ஒளியே தன் நிறத்தைப் பதியுமாறு செய்ய முடியுமா என்ற வினாவிற்கு ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1861இல் இலண்டனில் விடை காட்டினார். கட்டமிட்ட வண்ண நாடா ஒன்றைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளின் வழியே மூன்று முறை படம்பிடிக்கச் செய்து, மூன்று விளக்குகளால் ஒரே திரையில் ஒன்றுசேர்த்துக் காட்டினார். வண்ண நிழற்படத்தின் பிறப்பு அதுவே. ஆனால் அக்காலத் தகடுகள் சிவப்பு ஒளியை உணரும் ஆற்றல் இல்லாதவை. பின் எவ்வாறு அம்முயற்சி வென்றது? சரியாக நூறாண்டு கழித்து, 1961இல், ஆய்வாளர் அதன் மறைபொருளைக் கண்டனர். நாடாவின் சிவப்புச் சாயம், கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிரையும் எதிரொளித்தது. சிவப்பு வடிகட்டி அக்கதிரையும் உள்ளே விட்டது. தகடு அதனைப் பதிந்துகொண்டது. தற்செயலின் துணையால் கிடைத்த வெற்றி அது. கருவி காண்பது வேறு, கண் காண்பது வேறு என்னும் பாடம் வண்ண நிழற்படத்தோடு உடன்பிறந்ததாகும். மூன்று ஒளிகளுக்குப் பதிலாக மூன்று சாயங்களைக் கொண்டு தாளிலேயே வண்ணப்படம் பெறும் வழியை, லூயி டூக்கோ டு ஓரோன் என்னும் பிரெஞ்சுக்காரர் 1869இல் நூலாக வெளியிட்டார். இன்றைய அச்சுப்பொறியின் மூன்று மைகளும் கறுப்பும் இவ்வழி வந்த மரபே.

தொழில் பெருகப் பெருக, கண்ணை மட்டும் நம்பி நிறத்தைப் பேசுதல் இயலாதாயிற்று. ‘சற்றே செம்மை கலந்த பழுப்பு’ என்று மான்செஸ்டரில் ஒருவர் எழுதினால், பாரிசில் உள்ளவர் எதனைக் கொள்வது? ஆகவே, ஒளியூட்டம் பற்றிய பன்னாட்டு ஆணையம் 1931இல் கூடி நிறத்திற்கு எண் கொடுத்தது. அதற்கு அடிப்படையாக அமைந்தவை இங்கிலாந்தில் ரைட், கில்ட் என்னும் இருவர் தனித்தனியே நடத்திய சோதனைகள். முன்னவர் 10 பேரையும், பின்னவர் 7 பேரையும் அமர்த்தி, ஒரு நிறத்திற்கு ஈடாக மூவொளிகளை எத்துணை கலக்க வேண்டும் என்று பார்க்கச் செய்தனர். அந்தப் பதினேழு பேருடைய பார்வையின் சராசரிக்கே ‘நியமக் காண்போன்’ என்று பெயர். இன்றளவும் நம் திரைகளும் அச்சுப்பொறிகளும் நிறத்தைக் கணக்கிடும்போது அந்தப் பதினேழு பேரின் கண்களாலேயே உலகைக் காண்கின்றன. இது விந்தையாகத் தோன்றினும் குற்றமாகாது. நிறங்களை ஈடு காணும் திறனில், நிறக்குருடு இல்லாத மனிதர் பெரும்பாலும் ஒத்தவரே. எண்ணிக்கை சிறிதாயினும் அளவுகோல் பொதுவாக அமைந்துவிட்டது.

ஆனால், எந்த முகத்தை வைத்துப் படத்தின் நிறத்தைச் சரிபார்ப்பது என்ற கட்டம் வந்தபோது, அளவுகோல் பொதுவாக அமையவில்லை. அமெரிக்காவில் கோடாக் நிறுவனம் தன் வண்ணச் சுருளை விற்கும்போதே அதனைக் கழுவி அச்சிடும் கட்டணத்தையும் சேர்த்தே வாங்கிவந்தது. 1954இல் நேர்ந்த சட்டத் தீர்வின்படி அம்முறை முடிவுற்று, பிறரும் வண்ணப்படம் அச்சிட வழி திறந்தது. அவ்வச்சகங்களெல்லாம் ஒரே வகையாக நிறம் தருதல் வேண்டுமென்று, நிறுவனம் ஒரு மாதிரிப் படத்தை அனுப்பிவைத்தது. வெண்ணிற மேனியுடைய பெண் ஒருத்தி வண்ண உடையணிந்து அமர்ந்திருக்கும் படம் அது. முதலில் அதற்கு அமர்ந்தவளின் பெயரால் அதனை ‘ஷெர்லி அட்டை’ என்று தொழிலாளர் வழங்கினர். பின்னர் எத்தனையோ பெண்கள் மாறியும் பெயர் மாறவில்லை. மேனியின் வெண்மையும் மாறவில்லை. அவள் முகம் சரியாக அமைந்தால் எல்லாப் படமும் சரி என்பதே விதி.

அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். வெள்ளையரும் கறுப்பரும் அருகருகே நிற்கும் பள்ளிக்கூடப் படங்களில், வெள்ளைக் குழந்தையின் முகம் தெளிவாக இருக்க, கறுப்புக் குழந்தையின் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டுமே தெரிந்தன. கருநிற மேனியின் பல்வேறு சாயல்களைப் பிரித்துக் காட்டும் ஆற்றலைச் சுருளுக்குத் தரவேண்டும் என்று எவரும் முனைந்து கருதவில்லை. கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு செய்தி குறிக்கின்றார். பழுப்பு நிறத்தின் நுண்சாயல்களைத் திருத்தமாகக் காட்டுமாறு கோடாக்கைத் தூண்டியவற்றுள் மரச்சாமான் செய்வோர், சாக்கலேட் செய்வோர் ஆகியோரின் முறையீடும் ஒன்று என்பதே அச்செய்தி. மனித முகத்திற்குக் கிடைக்காத கவனம் மரப்பலகைக்குக் கிடைத்தது. பல இன மக்களும் ஒருங்கே அமர்ந்த மாதிரி அட்டை 1990களின் நடுவில்தான் வந்தது.

இந்த வரலாறு நமக்குத் தொலைவில் உள்ளதன்று. 1980களில் நம் நகரங்களிலும் வண்ண அச்சுக்கூடங்கள் பெருகின. வெளிநாட்டார் வகுத்த சுருள், தாள், வேதிப்பொருள் ஆகியவற்றின் முறைகளே இங்கும் வழங்கின. அதன்மேல் நம்மவருடைய விருப்பும் சேர்ந்துகொண்டது. கறுப்பு வெள்ளைக் காலத்திலேயே ஸ்டூடியோக்களில் முகத்திற்குக் கையால் வண்ணம் தீட்டுவோர் அதனை ஒரு படி வெளுப்பாக்கித் தருவது வழக்கம். பெண்பார்க்க அனுப்பும் படமாயின் இரண்டு படி. இன்று கைப்பேசி, கேட்காமலே அத்தொண்டைச் செய்துவிடுகின்றது.

இங்கே நம் பழந்தமிழ் மரபு ஒன்றை நினைவுகூர்தல் தகும். சங்கச் சான்றோர் பெண்ணின் மேனி அழகை ‘மாமை’ என்னும் சொல்லால் போற்றினர். மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர் அதனை விளக்குவர். அம்மாமை கெட்டு மேனி வெளிறுவதனைப் ‘பசலை’ என்றனர். பசலை அழகன்று, அன்புடையாரைப் பிரிந்ததனால் வந்த நோய். பிரிந்து வாழ்வோர்க்கு அனுப்பும் படத்தில், பொறியின் பிழையாலும் நம் மயக்கத்தாலும் அன்னையின் மாநிறத்தைப் பசலையாக்கி அனுப்புதல் முறையாகுமா? அட்டையைப் பெறுவோர் தேடுவது தம்மவர் முகத்தையேயன்றி ஓர் அழகு முகத்தை அன்று.

கணிப்பொறி வந்தபின் அச்சுக்கூடத்தின் பொறுப்பு வீட்டுக்கு இறங்கி வந்தது. மையைத் துளித்துளியாகத் தாளில் தெளிக்கும் இன்க்ஜெட் பொறிகள் 1980களில் அலுவலகங்களுக்கு வந்தன; 1994இல் எப்சன் நிறுவனம் கொணர்ந்த வண்ணப் பொறி, வீட்டிலேயே நிழற்படம் அச்சிடலாம் என்ற நம்பிக்கையை ஊட்டிற்று. ஆனால் ஒருவர் செய்த திரைக்கும், மற்றொருவர் செய்த பொறிக்கும், பிறிதொருவர் செய்த தாளுக்கும் பொதுமொழி இல்லை. 1993இல் எட்டு நிறுவனங்கள் கூடி ஐ.சி.சி. என்னும் பன்னாட்டு நிற மன்றத்தை அமைத்தன. ஒவ்வொரு கருவியும் தான் காட்டும் நிறத்தின் இயல்பை எண்களால் எழுதி ஒரு சிறு கோப்பாகத் தன்னுடன் வைத்துக்கொள்ளும். அதற்குப் புரொபைல் என்று பெயர். அதனை நிறச்சாதகம் என நாம் கூறலாம். திரையின் சாதகத்தையும் தாளின் சாதகத்தையும் ஒப்புநோக்கிப் பொருத்தம் பார்ப்பது கணிப்பொறியின் வேலை. இரண்டிற்கும் இடையே நிற்கும் பொதுமொழி, 1931இன் அந்தப் பதினேழு கண்களின் கணக்கே. 1996இல் எச்.பி., மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் பொதுத் திரைநிறத் திட்டத்தை முன்மொழிந்தன. நம் கைப்பேசிப் படங்களிற் பெரும்பாலானவை நெடுங்காலம் அத்திட்டத்தின்படியே அமைந்து வந்துள்ளன.

இவ்வரலாற்றிலிருந்து வீட்டில் அச்சிடுவோர் கொள்ளத்தக்க நெறிகள் சிலவற்றை இனித் தொகுத்துரைப்போம்.

முதலாவது, திரையின் ஒளியைத் தணித்தல். தாளின் வெண்மையைவிடத் திரையின் வெண்மை மிகுதியாக ஒளிர்ந்தால், அச்சு இருண்டதாகவே தோன்றும். வெள்ளைத்தாள் ஒன்றைத் திரையருகே பிடித்து, இரண்டும் ஏறக்குறைய ஒத்துக் காணுமளவும் ஒளியைக் குறைத்தல் வேண்டும். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி இருப்பின், அதனையும் நிறுத்தி வைத்தல் நன்று.

இரண்டாவது, தாளின் வகையைப் பொறிக்கு உண்மையாகச் சொல்லுதல். ஒரே மை வழுவழுப்பான நிழற்படத் தாளில் ஒரு விதமாகவும், மையை உறிஞ்சும் வாழ்த்தட்டைத் தாளில் வேறு விதமாகவும் அமையும். நிறச்சாதகம் என்பது மைக்கும் தாளுக்கும் சேர்த்து எழுதப்படுவது. ஆள் மாறினால் சாதகம் பொருந்தாது.

மூன்றாவது, நிறத்தை ஒருவரே திருத்துதல். படத்தைத் திறக்கும் மென்பொருளும், பொறியை இயக்கும் மென்பொருளும் தனித்தனியே நிறத்தைத் திருத்த முற்படும். ஒரு குழம்புக்கு இருவர் உப்பிட்டால் என்ன ஆகுமோ அதுவே படத்திற்கும் ஆகும். ஒன்றிடம் பொறுப்பைக் கொடுத்து மற்றொன்றை வாளாவிருக்கச் செய்தல் வேண்டும். படத்தைத் தானே ‘அழகுபடுத்தும்’ வசதிகளை முற்றிலும் நிறுத்திவிடுக. முகத்தை வெளுக்கச் செய்பவை பெரும்பாலும் அவையே.

நான்காவது, மொழிபெயர்ப்பின் வகையைத் தேர்தல். பெரிய வீட்டிலிருந்து சிறிய வீட்டுக்குக் குடிபெயர்வோர்க்கு இரு வழிகள் உண்டு. எல்லாப் பொருளையும் ஒருசேரச் சுருக்குவது ஒன்று. கொள்ளும் பொருளை அப்படியே வைத்துக் கொள்ளாததை மட்டும் குறைப்பது மற்றொன்று. நிறத்தை மாற்றும் மென்பொருளும் இவ்விரண்டனுள் ஒன்றைத் தேரச் சொல்லும். மனித மேனியின் நிறங்கள் மையின் எல்லைக்குள் பெரும்பாலும் அடங்குவனவாகலின், முகமே முதன்மையான படத்திற்குப் பின்னைய வழி பெரும்பாலும் ஏற்றது. கிளிப்பச்சை சிறிது குறையலாம், முகம் குறையாது.

ஐந்தாவது, பார்க்கும் வெளிச்சம். பட்டுக்கடையில் நம் பெண்டிர் புடவையைக் கடைவிளக்கின்கீழ்க் கண்டு மனநிறைவு கொள்வதில்லை. வாசலுக்கு எடுத்துச் சென்று பகலொளியில் விரித்துப் பார்ப்பர். இரண்டு நிறங்கள் ஓர் ஒளியில் ஒன்றாகவும் மற்றோர் ஒளியில் வேறாகவும் தோன்றும் என்ற அறிவியல் உண்மையை அவர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்துள்ளனர். அச்சுக்கூடத்தார் இதற்கென ஒரு நியம ஒளியை வைத்துள்ளனர். நமக்கு வெயில் நேரே படாத சாளர ஓரம் போதும். மை நன்கு உலரும் வரையில் பொறுத்து, பின்னரே நிறத்தை முடிவு செய்க.

ஆறாவதே இக்கட்டுரையின் சாரம். நம் வீட்டுக்கென ஒரு மாதிரி அட்டை செய்துகொள்ளுதல். பகலொளியில், நிழலான இடத்தில், வீட்டாருள் மேனி நிறத்தால் வேறுபட்ட மூவர் நால்வரை ஒருங்கே நிறுத்திப் படம்பிடித்தல் வேண்டும். அருகே வெள்ளைத்தாள் ஒன்றும், நாமறிந்த புடவை ஒன்றும் இருக்கட்டும். அப்படத்தை அச்சிட்டு, அம்மனிதரையே அருகில் நிறுத்தி ஒப்புநோக்கி, சரியாகும் வரையில் திருத்துக. சரியான படியை ஒளி படாத உறைக்குள் வைத்து, பின்புறத்தில் மையின் பெயர், தாளின் பெயர், திருத்திய அளவுகள், ஆண்டு ஆகியவற்றை எழுதிவைக்க. மை மாறும்போதும் தாள் மாறும்போதும் அதனையே மீண்டும் அச்சிட்டு ஒப்புநோக்குக. ஷெர்லிக்குப் பதிலாக நம் அத்தையோ பெரியப்பாவோ அளவுகோலாக அமர்ந்துவிடுவர். இதனையும் ஒரு குடும்ப அட்டை என்றால் பொருந்தும்!

உலகளாவிய அளவுகோலும் மெல்ல மாறிவருகின்றது. ஹார்வர்டு பல்கலைக்கழகச் சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் வகுத்த பத்துப் படிநிலை கொண்ட மேனிநிற அளவையை 2022இல் கூகுள் நிறுவனம் வெளியிட்டது. கருமை முதல் வெண்மை ஈறாக எல்லா மேனியும் படக்கருவிகளின் சோதனையில் இடம்பெறல் வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல முயற்சியே. ஆயினும் பத்துப் படிகளுக்குள் அடங்காத சாயல்கள் ஒவ்வொரு தெருவிலும் உள்ளன. அவற்றை அறிந்தவர் அத்தெருவிலே வாழ்பவர்.

லெ பிளானின் தகட்டிலிருந்து நம் மேசைப்பொறி வரையில் நிறத்தின் வரலாறு ஒன்றையே காட்டுகின்றது. பொறி தன்னிடம் கொடுக்கப்பட்ட அளவைத் தவறாது காக்கும். எது அளவு என்று அதற்குத் தெரியாது. முந்நூறு ஆண்டுகளாக அதனை வேறெவரோ சொல்லிவந்தனர். அச்சுக்கூடம் வீட்டுக்குள் வந்துவிட்ட இக்காலத்தில், அதைச் சொல்லும் உரிமையும் கடமையும் நம்முடையனவாயின.